போட்டோசிந்தசிஸ்: எங்கன பிரிக்க, எப்படிச் சொல்ல? பிள்ளைய அடிக்கடி கேக்க கேள்விகள்

பாளையங்கோட்டைல வீட்டு மாடில சாயங்காலம் பயாலஜி டியூஷன் எடுக்கேன். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சிட்டு பதினொண்ணுல இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறுன பிள்ளையதான் நிறைய வரும், மேலப்பாளையம், சீவலப்பேரி, கிருஷ்ணாபுரம்னு சுத்துப்பட்டுல இருந்து சைக்கிள்லயும் பஸ்லயும் வருதாவ. ஒளிச்சேர்க்கைன்னா என்னன்னு கேட்டா மளமளன்னு சொல்லிருவாவ, அதே பாடத்த இங்கிலீஷ்ல வாசிக்கச் சொன்னா போட்டோசிந்தசிஸ்ங்க தலைப்புலயே நின்னுருவாவ. வருஷா வருஷம் அதே கேள்விகளுக்கு வாயால பதில் சொல்லுததுக்குப் பதிலா இங்க எழுதிப் போடுதேன்.

டீச்சர், இந்த வார்த்தைல மொத்தம் எத்தன சிலபிள்?

அஞ்சு. சிலபிள்னா ஒரு உயிர்ச்சத்தத்தோட வார ஒரு துண்டு. ஃபோ - டோ - ஸின் - த - ஸிஸ். சந்தேகமா இருந்தா புறங்கைய நாடிக்கு, அதாவது தாடைக்குக் கீழ தொட்டும் தொடாமலும் வச்சுக்கிட்டு பைய சொல்லிப் பாருங்க, ஒவ்வொரு உயிர்ச்சத்தத்துக்கும் நாடி ஒரு தடவ கீழ இறங்கி கைய இடிக்கும். அஞ்சு தடவ இடிச்சா சரியாச் சொல்லியிருக்கீங்கன்னு அர்த்தம். ஆறு தடவ இடிச்சா எங்கயோ ஒரு உகரத்தச் சேத்திருக்கீங்க, பெரும்பாலும் கடைசில, 'சிஸு'ன்னு முடிச்சிருப்பீங்க. நம்ம வாய்க்கு வார்த்தை கடைசில இந்த மாதிரி ஒத்து (புள்ளி வச்ச எழுத்து) நின்னா தாங்காது, புக்கு, பஸ்ஸு, ரோடுன்னு ஒரு உகரம் வச்சுத்தான் முடிக்கும். அதனால கடைசி ஸ்-ல வாய மூடாம காத்த மட்டும் விட்டு நிறுத்திப் பழகுங்க.

சிலபிள்னா நம்ம அசைதானே?

கிட்டத்தட்ட. முழுசா இல்ல. ஆனா இந்தக் கேள்வி கேக்க பிள்ளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா தமிழ் வகுப்புல குறளுக்கு அலகிட்டுக் கத்துக்கிட்டதத்தான் இங்க அப்படியே கொண்டுவரப் போறோம், புதுசா ஒண்ணும் படிக்க வேண்டாம்.

நேரசைன்னா ஒரு குறிலோ நெடிலோ தனியாவோ ஒத்தோடவோ நிக்கும், அது ஒரு சிலபிள். நிரையசைல ரெண்டு எழுத்து சேந்து வரும், குறில் குறில் இல்லன்னா குறில் நெடில், அதுல உயிர்ச்சத்தம் ரெண்டு இருக்கு, அப்போ அது ரெண்டு சிலபிள். நேருக்கு ஒண்ணு, நிரைக்கு ரெண்டு, இவ்வளவுதான் கணக்கு.

இப்போ போட்டோசிந்தசிஸ அலகிடுவோம். ஃபோ - நேர். டோ - நேர். ஸின் - நேர். தஸிஸ் - நிரை. நேர் நேர் நேர் நிரைக்கு வாய்பாடு என்ன? பள்ளிக்கூடத்துல பெரும்பாலும் காய், கனின்னு முடியுத மூவசைச்சீரோட நிறுத்திருவாவ, அதுக்கு மேல நாலசைச்சீர் உண்டு, அதுல இதுக்கு வாய்பாடு தேமாந்தண்ணிழல். தே - மாந் - தண் - ணி - ழல். ஃபோ - டோ - ஸின் - த - ஸிஸ். ரெண்டையும் மாத்தி மாத்தி நாலு தடவ வாய்விட்டுச் சொல்லுங்க, ஒரே நடை. மாமரத்துக் குளிர்ந்த நிழல்னு அர்த்தம் வார வாய்பாடு, மேல இலை வெயில வாங்கிச் சமைக்கும், கீழ நிழல் விழும், அந்த வேலையோட பேரும் அதே சீர்ல உக்காந்திருக்கு. முதல் தடவ நோட்டுல இத அலகிட்டுப் பாத்த அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

அஞ்சையும் ஒரே மாதிரிதான் சொல்லுதேன், ஆனாலும் இங்கிலீஷ் மாதிரி இல்லையே?

அஞ்சையும் ஒரே மாதிரி சொல்லுததுதான் சிக்கல். தமிழ்ல நம்மளுக்கு நீளம்தான் முக்கியம். படம் வேற பாடம் வேற, கல் வேற கால் வேற, ஆனா படம்ல 'ப'வ அழுத்துனாலும் 'டம்'ம அழுத்துனாலும் அர்த்தம் மாறாது. இங்கிலீஷ்ல அழுத்தம் மாறுனா வார்த்தையே மாறிரும். உங்க கைல இருக்க ரெக்கார்டு நோட்டையே எடுத்துக்கோங்க, நோட்டுன்னு சொல்லும்போது முதல் சிலபிள அழுத்தி ரெக்-கார்ட், பதிவு பண்ணுன்னு சொல்லும்போது ரெண்டாவத அழுத்தி ரி-கார்ட். எழுத்து ஒண்ணு, சத்தம் ரெண்டு.

போட்டோசிந்தசிஸ்ல பெரிய அழுத்தம் மூணாவது சிலபிள்ல, ஸின்-ல. முதல் சிலபிள் ஃபோ-ல சின்ன அழுத்தம் ஒண்ணு உண்டு. டோ சாதாரணம். கடைசி ரெண்டும் லேசா, வேகமா போயிரும். வாய்பாட்டுல சொன்னா 'தண்'ங்க இடத்துல குரல ஏத்தி அடிக்கணும்.

சிந்தசிஸ்னு சொன்னா என்ன தப்பு? நோட்டுல அப்படித்தானே எழுதியிருக்கு?

நம்ம நோட்டுல எழுதுததுதான் காரணம். தமிழ்ல 'ந்த'ன்னு வந்தா அந்த 'த' கண்டிப்பா அதிரும். பந்து, சந்தை, தந்தை, இதெல்லாம் சொல்லும்போது தொண்டைல ரெண்டு விரல வச்சுப் பாருங்க, 'ந்த' முழுசும் தொண்டை அதிர்ந்துகிட்டே இருக்கும். இப்போ தத்தை, பத்துன்னு சொல்லிப் பாருங்க, 'த்த' வார இடத்துல ஒரு நொடி அதிர்வு நின்னுட்டு வரும். இங்கிலீஷ் வார்த்தைல டி எச் இருக்க இடத்துல அதிர்வு வரவே கூடாது. சிந்தசிஸ்னு எழுதி வச்சிட்டு வாசிச்சா, நம்ம நாக்கு தமிழ் இலக்கணப்படி கரெக்டா வேலை செஞ்சு சந்தைல வார சத்தத்தையே குடுத்துரும். நாக்கு மேல தப்பே இல்ல, நாமதான் தப்பா எழுதிக் குடுத்திருக்கோம்.

அதுக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன், நோட்டுல 'ந்' போடாம றன்னகர ஒத்து போட்டு, நடுவுல கோடு போட்டு 'ஸின்-தஸிஸ்'னு எழுதச் சொல்லுவேன். ன்-க்கு அடுத்து த தமிழ்ல சேராது, அதனால கண்ணு அங்க ஒரு கணம் நிக்கும், அந்த நிக்க நேரத்துல நாக்க மாத்திக்கலாம்.

அந்த 'த'வுக்கு நாக்க எங்க வைக்கணும்?

முன்பல்லு விழுந்த சின்னப்பிள்ளை 'சாமி'ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? பல்லு இல்லாத சந்துல நாக்கு நுனி லேசா வெளிய வந்து, காத்து சீறிக்கிட்டுப் போகுமே, அந்தச் சத்தம்தான். நாக்கு நுனிய மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவுல வையிங்க, கடிக்க வேண்டாம், காத்த மட்டும் விடுங்க. நம்ம தமிழ் 'த'வுக்கு நாக்கு பல்லுக்குப் பின்னால ஒட்டிக் காத்த அடைச்சிட்டு அப்புறம் விடும், இதுல அடைப்பே கிடையாது.

டி எச்ல இன்னொரு சத்தமும் உண்டு, 'தி', 'திஸ்', 'தட்'ல வாரது. அது நம்மளுக்கு ஏற்கெனவே ஓரளவு இருக்கு, 'அது', 'கதை'ன்னு சொல்லும்போது நடுவுல வார 'த' கிட்டத்தட்ட அதேதான். அதனால புதுசாப் பழக வேண்டியது அதிர்வில்லாத இந்த ஒண்ணு மட்டும்தான். ஒரு வாரம் கண்ணாடி முன்னால நின்னு பழகுனா வந்துரும், சில பிள்ளைக்கு ரெண்டு நாள்லயே வந்திருக்கு.

முதல் எழுத்து 'போ'வா 'ஃபோ'வா?

ஃபோ. கீழ் உதட்ட மேல்பல்லு தொடணும், ரெண்டு உதடும் ஒட்டக்கூடாது. ஸ்டுடியோவுக்குப் போயி போட்டா பிடிக்கும்போது போட்டான்னே சொல்லிக்கோங்க, அது நம்ம ஊரு வார்த்தை ஆயிட்டு.

நாலாவது சிலபிள்ல இங்கிலீஷ் எழுத்து 'ஈ'தானே, அப்போ 'தெ'ன்னு சொல்லணுமா 'த'ன்னு சொல்லணுமா?

முழு 'தெ'வும் இல்ல, முழு 'த'வும் இல்ல. இங்கிலீஷ்ல அழுத்தம் இல்லாத சிலபிள்ல உயிர்ச்சத்தம் பெரும்பாலும் தேஞ்சுபோயிரும். இது வெளிநாட்டு விஷயம்னு பயப்படாதீங்க, தேயிற உயிர்ச்சத்தம் நம்மகிட்டயும் உண்டு, அதுக்குத்தான் குற்றியலுகரம்னு பேரு வச்சிருக்கோம். பாட்டு, ஆடு, கயிறு, இதுல கடைசி உகரத்துக்கு உதடு குவியவே செய்யாது. 'பசு'ன்னு சொல்லும்போது குவியும், 'பாட்டு'ன்னு சொல்லும்போது குவியாது, சொல்லிப் பாருங்க. அந்தக் குறுகுன சத்தத்துக்கு ரொம்பப் பக்கத்துல உள்ளதுதான் இந்த நாலாவது சிலபிள்ல வாரது. டிக்ஷனரில அத தலைகீழாத் திருப்புன 'ஈ' எழுத்தாப் போட்டிருப்பாவ. அந்தக் குறிய எங்க பாத்தாலும் குற்றியலுகரத்த நினைச்சுக்கோங்க, வாய் தானா அளவாத் திறக்கும்.

டிக்ஷனரில வார்த்தைக்கு நடுவுல புள்ளி இருக்கு, பக்கத்துல இன்னொரு மாதிரியும் எழுதியிருக்கு, எத நம்ப?

ரெண்டும் வேற வேற வேலைக்கு. புள்ளி வச்சுப் பிரிச்சிருக்கது எழுத்துக்கு, வரி கடைசில இடம் பத்தாட்டா வார்த்தைய எங்க ஒடிச்சு ஹைபன் போடலாம்னு காட்டுது. பக்கத்துல சாய்கோட்டுக்குள்ளயோ அடைப்புக்குறிக்குள்ளயோ இருக்கதுதான் சத்தம். 1886ல பாரிஸ்ல தொடங்குன ஒலியியல் சங்கம் உருவாக்குன குறிகள்தான் இப்போ நிறைய டிக்ஷனரில இருக்கு. அதுல மேல ஒரு சின்னக் குத்துக்கோடு இருந்தா, கோட்டுக்கு அடுத்து வார சிலபிள்ல பெரிய அழுத்தம், கீழ இருந்தா சின்ன அழுத்தம். சில பழைய டிக்ஷனரில அழுத்தக்குறிய சிலபிளுக்குப் பின்னால போட்டிருப்பாவ, வீட்டுல தாத்தா காலத்து டிக்ஷனரி இருந்தா முன்பக்கத்துல உள்ள விளக்கத்த வாசிச்சிட்டு ஆரம்பிங்க.

நம்ம வார்த்தைல எழுத்துப் பிரிப்பும் சத்தப் பிரிப்பும் ஒண்ணா விழுது, அது நம்ம அதிர்ஷ்டம். பி எச் ஓ, டி ஓ, எஸ் ஒய் என், டி எச் ஈ, எஸ் ஐ எஸ். மூணு, ரெண்டு, மூணு, மூணு, மூணு, ஆக 14 எழுத்து. ஸ்பெல்லிங்ல 'ஒய்'க்குப் பதிலா 'ஐ' போடுத பிள்ளையும், 'என்'ன விட்டுருத பிள்ளையும் இப்படி அஞ்சு துண்டா எழுதிப் பழகுனா அப்புறம் விடாது.

போட்டோசிந்தடிக்னு வரும்போது சார் வேற மாதிரி சொல்லுதாவளே?

அவிய சொல்லுதது சரி. 'இக்'ன்னு முடிஞ்சா பெரும்பாலும் அழுத்தம் அதுக்கு முந்தின சிலபிளுக்குத் தாவிரும். ஃபோ - டோ - ஸின் - தெ - டிக், இதுல 'தெ' மேல பெரிய அழுத்தம், அழுத்தம் வந்ததும் தேஞ்சு கிடந்த உயிர் முழு 'எ'வா எந்திரிச்சிரும். அலகிட்டுப் பாத்தா இதுவும் தேமாந்தண்ணிழல்தான். அதனால ஒண்ண மனசுல வச்சுக்கோங்க, அசை எண்ணிக்கையக் காட்டும், அழுத்தத்தக் காட்டாது, அழுத்தத்துக்குத் தனியா மேல ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும்.

'சிஸ்'னு முடியுத எல்லா வார்த்தைக்கும் ஒரே ரூல் உண்டா?

ஒரே ரூல் இல்ல, ரெண்டு ரூல் வச்சா பாடத்துல வார முக்காவாசி அடங்கிரும். 'ஓஸிஸ்'னு முடிஞ்சா அந்த ஓ மேல அழுத்தம்: மைட்டோஸிஸ், மயோஸிஸ், ஆஸ்மோஸிஸ், சிம்பயோஸிஸ். மத்ததுல பெரும்பாலும் கடைசில இருந்து எண்ணி மூணாவது சிலபிள்: ஸின்தஸிஸ், ஹைபாதஸிஸ், அனாலிஸிஸ். இதுல பிள்ளைய அதிகமாத் தடுக்கி விழுத இடம் 'லிஸிஸ்' குடும்பம். ஃபோட்டோ-லைசிஸ், ஹைட்ரோ-லைசிஸ், கிளைக்கோ-லைசிஸ்னு அர்த்தத்த வச்சு ரெண்டாப் பிச்சுச் சொல்லுதாவ. அர்த்தப்படி பிரிச்சா அது சரி, வாயால சொல்லும்போது ஃபோ-டாலி-ஸிஸ், ஹை-ட்ராலி-ஸிஸ், க்ளை-காலி-ஸிஸ். வெட்டு நடுவுல விழாது, டா, ட்ரா, கா மேல அழுத்தம் விழும். பயாலஜிய நாம பயோ-லஜின்னா சொல்லுதோம்? பய்-யா-லஜின்னு யாரும் சொல்லிக்குடுக்காமலே வருதுல்லா, அதே கதைதான். மெட்டமார்ஃபஸிஸ் மட்டும் ஓஸிஸ் ரூலுக்கு அடங்காது, எழுத்துல ஓ இருந்தாலும் அழுத்தம் 'மார்'ல, அத தனியா மனப்பாடம் பண்ணிக்கோங்க.

பன்மைல?

கடைசி 'சிஸ்' 'ஸீஸ்' ஆகும், நீட்டிச் சொல்லணும். ஹைபாதஸிஸ் ஒண்ணு, ஹைபாதஸீஸ் ரெண்டு. நம்ம குறில் நெடில் மாதிரியே.

அதே பாடத்துல உள்ள மத்த வார்த்தைங்க?

குளோரோபில்னு எழுதுதோம், அதுல 'கு'ங்கது நாம போட்டது. தமிழ்ல வார்த்தை தொடக்கத்துல மெய் தனியா நிக்காது, அதனால உகரம் குடுத்துத் தாங்கிக்கிட்டோம். இங்கிலீஷ்ல க்ளோ - ர - ஃபில், மூணே சிலபிள், அழுத்தம் முதல்ல. 'சி எச்' இருக்குன்னு 'ச்'ன்னு ஆரம்பிச்சிராதீங்க, கிரேக்கத்துல இருந்து வந்தது, க்-தான். 1817ல பெல்ட்டியே, கவான்டூன்னு பிரான்ஸ்ல ரெண்டு பேரு பிரிச்செடுத்துப் பேரு வச்சது, பச்சைக்கு ஒரு கிரேக்கச் சொல்லு, இலைக்கு ஒண்ணு. நம்ம 'பச்சையம்' ஒரே சொல்லுல முடிச்சிட்டு.

ஸ்டொமேட்டாங்கதுக்கு (இலைத்துளைக்கு) அழுத்தம் முதல் சிலபிள்ல, ஸ்டோ-மடா, நேர் நிரை, கூவிளம். நடுவுல 'மே'ன்னு இழுக்க வேண்டாம். 'இஸ்டோ'ன்னு முன்னால இகரமும் வேண்டாம். ஸைலம் (தண்ணி கடத்துத திசு) எழுத்துல 'எக்ஸ்', சத்தம் இஸட். ஃப்ளோயம் (உணவு கடத்துத திசு) ரெண்டு சிலபிள், ஃப்ளோ - அம். மைட்டோகாண்ட்ரியாவ அலகிட்டா மைட் - டோ - காண்ட் - ரியா, நேர் நேர் நேர் நிரை, இதுவும் தேமாந்தண்ணிழல், அழுத்தமும் அதே மூணாவது இடத்துல. இலைல சமைக்கதும் செல்லுல அத எரிச்சுச் சத்தெடுக்கதும் ஒரே சீர்ல வருது, அதனால ரெண்டையும் சேத்தே பழகுங்க.

இவ்வளவு கஷ்டமான பேர யாரு வச்சா?

1893ல சார்லஸ் ரீட் பார்ன்ஸ்னு அமெரிக்கால ஒரு தாவரவியல் அறிஞர். அதுக்கு முன்னால அசிமிலேஷன்னு பொத்தாம்பொதுவா சொல்லிக்கிட்டு இருந்தாவ. அவரு ரெண்டு பேரு முன்வச்சாரு, போட்டோசின்டாக்ஸ், போட்டோசிந்தசிஸ். அவருக்குப் பிடிச்சது முதல் பேரு, ஊரு உலகம் எடுத்துக்கிட்டது ரெண்டாவத. கிரேக்கத்துல போட்டோன்னா ஒளி, ஸின்னா சேத்து, தஸிஸ்னா வைக்கது. ஒளி, சேத்து வைக்கது. ஒளிச்சேர்க்கைங்க நம்ம சொல்லு ஒரு துண்டு கூட விடாம அப்படியே இருக்கு பாத்தீங்களா? அதனாலதான் பிள்ளைட்ட சொல்லுதேன், தமிழ்ல படிச்சது வீணாப்போகல, அந்தச் சொல்லத் தெரிஞ்ச பிள்ளைக்கு இந்த வார்த்தை பாதி ஏற்கெனவே தெரியும்.

சரியாச் சொல்லாட்டா மார்க் போகுமா?

எழுத்துப் பரிச்சைல போகாது. வைவால, அதாவது வாயால கேக்க பரிச்சைல, என்ன நடக்கும்னு என் கதையச் சொல்லுதேன். டிகிரி ரெண்டாவது வருஷம், பிராக்டிகல்ல குளத்துப் பாசிய பீக்கர்ல போட்டு, புனலக் கவுத்து, மேல டெஸ்ட் டியூப் வச்சு, வெயில்ல ஆக்சிஜன் குமிழ் வாரத எண்ணுத சோதனை, எனக்கு நல்லா வந்திருந்தது. வெளிய இருந்து வந்த எக்ஸாமினர் என்ன சோதனைன்னு கேட்டாரு, நான் 'சந்தை' சத்தத்தோட போட்டோசிந்தசிஸ்னேன். என்னது, என்னதுன்னு மூணு தடவ கேட்டாரு. மூணாவது தடவ எனக்குத் தொண்டை அடைச்சிட்டு, அடுத்து கேட்ட ஆக்சிஜன் எதுல இருந்து வருதுங்க கேள்விக்கு தண்ணில இருந்துன்னு தெரிஞ்சும் வாய் திறக்கல. கண்ணு முன்னால குமிழ் ஒண்ணொண்ணா மேல ஏறிக்கிட்டே இருந்தது. சொல்லத் தெரியாததுனால தெரிஞ்சதும் போச்சு. அந்த அன்னைக்கு வீட்டுக்குப் போன பஸ்ல முடிவு பண்ணதுதான் இந்த அலகிடுத வேலை எல்லாம்.

அதுக்காக லண்டன்காரங்க மாதிரி பேசணும்னு அவசியமே இல்ல. நம்ம ஊரு இழுவை இருக்கட்டும். சிலபிள் எண்ணிக்கை, அழுத்தம் விழுத இடம், டி எச் சத்தம், இந்த மூணும் சரியா இருந்தா எதிர்ல இருக்கவருக்கு முதல் தடவையே புரியும்.

எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது டீச்சர், வீட்டுல பிள்ளைக்கு எப்படிப் பழக்க?

முக்கூடல்ல இருந்து வந்த ஒரு அம்மா கேட்டாவ, பீடி சுத்துதவிய. இங்கிலீஷ் வேண்டாம்மா, தேமாந்தண்ணிழல்னு சொல்லத் தெரியுமான்னு கேட்டேன், ரெண்டு தடவ சொல்லிக்குடுத்ததும் அழகாச் சொன்னாவ, மூணாவதுல கொஞ்சம் அழுத்துங்கன்னதும் 'தண்'ணுல ஒரு அடி வச்சாவ. இப்போ ராத்திரி மக வாசிக்கும்போது அவிய மடில சொளவ வச்சுக்கிட்டு இலையச் சுருட்டிக்கிட்டே கேக்காவளாம், மக வார்த்தையச் சொல்ல, அவிய சொளவு விளிம்புல விரலால அஞ்சு தட்டு தட்டுதாவ, மூணாவது தட்டு மட்டும் பலமா. தட்டும் சொல்லும் சேரலன்னா 'திருப்பிச் சொல்லுட்டி'ங்காவளாம்.